இருபத்தொரு செடியும் ஒரு வரியும்

எங்கள் கம்பெனியில் அவளுக்கு ஒருவாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். மாத்திரை எப்போது தயாராகும் என்று யார் கேட்டாலும், கேட்டவர் முதலாளியே ஆனாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "ஒரு வாரம் பாப்போம்" என்பாள். அந்த வாரம் முடிந்ததும் இன்னொரு வாரம் கேட்பாள். வாசலில் நிற்கும் காவலாளிகூட "ஒருவாரம் மேடம் உள்ள போயாச்சா?" என்றுதான் என்னிடம் கேட்பார். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நேரில் அக்கா என்று கூப்பிடுவேன். எழுதும்போது ஏனோ அவள் என்றுதான் கை போகிறது.

டாக்டருக்குப் படிக்க மதிப்பெண் போதாமல் வேதியியலுக்கு வந்தவள். "டாக்டராகலன்னா என்ன, மாத்திரையாவது செய்யட்டும்" என்று அவள் பெரியப்பா ஆறுதல் சொன்னாராம். மாத்திரைக்கு வருவதற்குள் ஏழு வருடம் ஷூ பாலிஷிலும் சுவர்ப் பெயின்ட்டிலும் போனது. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோகும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. நான் கொடுக்கும் கோப்பைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் திறப்பாள். வீட்டில் உப்பு ஜாடியில் திறந்த தேதியும் திறந்தவர் கையெழுத்தும் ஒட்டியிருக்கும். கல்யாணப் பேச்சு வந்தபோதும் ஒரு வாரம் கேட்டிருப்பாள் போல. வந்தவர்கள் காத்திருக்கவில்லை.

அவளுக்கென்று இருப்பது ஒரு தங்கை. பத்து வயது இளையவள், அக்கா வளர்த்தவள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு அதே கட்டடத்தில் மாடியில் இருக்கிறாள். எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. அவளுக்குக் கருப்பையில் கட்டி. மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. அறுவை செய்து எடுத்துவிடலாம், ஆனால் ஹீமோகுளோபின் பத்துக்கு வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அவளுக்கு இருந்தது ஏழு புள்ளி எட்டு. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஒருவாரம் தன் மேஜை நாட்காட்டியில் மூன்றாவது மாதத்துக் கடைசித் தேதியில் பத்து என்று எழுதி வட்டம் போட்டு வைத்தாள். உலகத்தில் அவள் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட விரும்பாத விஷயம் அது ஒன்றுதான்.

பெண்களுக்கான மாத்திரை கடைக்குப் போனதும் அதே சமயத்தில்தான். ஆனால் அதன் கதை அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. எங்கள் முதலாளி மெத்தை விற்று மேலே வந்தவர். மெத்தை வாங்கியவர்கள் அப்போதும் களைப்பாகவே இருப்பதைப் பார்த்து மாத்திரைக்குத் தாவினார். விற்பனை மேலாளர் அவருடைய மச்சினன். அதைத் தவிர வேறு தகுதி அவருக்கு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூட்டத்தில் ஆண்கள் ஐந்து பேர். மேஜையின் கடைசியில் ஒருவாரமும், பெட்டியில் அச்சாகும் வாசகங்களை எழுதுகிறவள் என்ற முறையில் நானும்.

"பொம்பளைங்களுக்கு என்ன குறை?" என்று முதலாளி ஆரம்பித்தார். எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. ஒருவர் பொலிவு என்றார். ஒருவர் தூக்கம் என்றார். ஒருவர் பொறுமை என்றார், அன்று காலை அவர் வீட்டில் என்ன நடந்ததோ.

"இரும்பு சார்" என்றாள் ஒருவாரம். "நிறையப் பேருக்கு ரத்தமே கம்மி."

"இரும்பு செடியில காய்க்குமாம்மா?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி சிரிக்கும்போது என் வாய் என்னைக் கேட்பதில்லை.

இது முழுக்கச் செடி மாத்திரை, ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை என்று முடிவாயிற்று. அப்படியென்றால் என்ன என்று கேட்க ஐந்து பேருக்கும் கூச்சம். ஒருவாரம் ஒரு கண்ணாடிக் குழாயில் ஊதா நிறக் கரைசலைக் கொண்டுவந்து, மாதுளைத் தோல் சாற்றை நாலு சொட்டு விட்டாள். ஊதா வெளிறி மஞ்சளானது. எவ்வளவு சீக்கிரம் வெளிறுகிறதோ அவ்வளவு சக்தி என்றாள். முதலாளிக்கு அதில் பிடித்த மோகம் கடைசிவரை விடவில்லை. அவரைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், தண்ணீர் கேன் போட வந்தவருக்குக்கூட, அந்த வித்தையைக் காட்டச் சொன்னார். கரைசலில் நிறம் போவதை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று அவள் சொல்லத் தொடங்கியபோது டீ வந்துவிட்டது.

அடுத்தது எத்தனை செடி என்ற கேள்வி. போட்டிக் கம்பெனியின் மாத்திரையில் பதினாலு.

"பதினஞ்சு போட்டா அவனப் பாத்து காப்பியடிச்ச மாதிரி இருக்கும் அத்தான். இருபத்தொண்ணு போடுவோம்" என்றார் மச்சினன்.

"எந்த இருபத்தொண்ணு?" என்றாள் ஒருவாரம்.

"அத நீங்கதான் சொல்லணும். படிச்சவங்க நீங்கதானே."

மாத்திரை என்பது தொண்டையில் இறங்கும் அளவுக்குத்தான் இருக்க முடியும். அதற்கு மேல் போனால் அது மாத்திரை இல்லை, சோப்பு. பச்சைத் தேயிலை, திராட்சை விதை, மாதுளைத் தோல் ஆகிய மூன்றும் உருப்படியாக ஏதாவது செய்யக்கூடியவை. அவற்றைப் போட்டதுமே இடம் நிறைந்துவிட்டது. மீதிப் பதினெட்டுக்கும் சேர்த்து ஒரு சிட்டிகை. அந்தப் பதினெட்டையும் அவள் விருந்தாளிகள் என்பாள். பெட்டியில் விருந்தாளிகளின் பெயரும் வீட்டுக்காரர்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று மச்சினன் உத்தரவு. அதைச் செய்தது நான்.

அவள் பட்ட பாட்டை மட்டும் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. செடிச் சாற்றுப் பொடி காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். மழை நாளில் பொடி பசையாகி இயந்திரத்தின் அச்சில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வரும் மாத்திரைக்குப் பாதி முகம் பிய்ந்திருக்கும். பதினோரு முறை கலவையை மாற்றினாள். ஒவ்வொரு முறையும் வெப்பமும் ஈரமும் உள்ள பெட்டிக்குள் வைத்து ஒரு வாரம் பார்த்தாள். மச்சினன் நடுவில் வந்து, தன் மகளின் ரோஸ் நிறத் தலை கிளிப்பைக் கொடுத்து, மேல் பூச்சு இதே நிறத்தில் வேண்டும் என்றார். அந்த கிளிப் இரண்டு மாதம் பரிசோதனைக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் கிடந்தது.

பன்னிரண்டாவது கலவை ஒட்டவில்லை, பிய்யவில்லை. ஒன்றை எடுத்து என் முன்னாலேயே கடித்து மென்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாயக் கட்டுது பாரு. இந்தத் துவர்ப்புதான் வேலையெல்லாம் செய்யுது. வம்பு பண்றதும் இதேதான்."

"என்ன வம்பு?"

"இரும்பு மாத்திரை சாப்பிடுறவங்க கூடவே இதையும் போட்டா, வயித்துக்குள்ள இந்தத் துவர்ப்பு இரும்பப் பிடிச்சுக்கும். ரத்தத்துக்குப் போகவே விடாது. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு சாப்பிடணும்னு பெட்டியில கண்டிப்பா போட்டுரு."

ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். கையெழுத்து, தேதி, எல்லாம்.

பெட்டியில் இடமில்லை. இருபத்தொரு பெயர்கள், ஒரு பெரிய பூ, கைகளை விரித்துக்கொண்டு ஓடும் ஒரு பெண். அவள் எங்கே ஓடுகிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எச்சரிக்கை வரியோடு மச்சினனிடம் போனேன்.

"வாங்குறவங்கள ஏன் பயமுறுத்துற? உள்ள மடிச்சு வைக்கிற தாள்ல போட்டுரு" என்றார்.

சரி என்று தாளில் போட்டேன். அதை ஒருவாரத்திடமும் சொன்னேன். "வெளியவே வந்திருக்கணும்" என்று முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து, தாளை மடித்துப் பெட்டிக்குள் தள்ளும் இயந்திரம் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்று மச்சினன் தாளையே எடுத்துவிட்டார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெட்டிக்கு ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. போட்டேன். தாள் இல்லை என்பதை ஒருவாரத்திடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரம் கேட்பாள், மச்சினன் கத்துவார், இரண்டுக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும். அதற்குச் சோம்பல். பயம் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும், ஆனால் அது சோம்பல்தான்.

மாத்திரை கடைக்குப் போனது. பேக்கிங் பிரிவில் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு பெட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். தங்கை அதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அக்கா செய்த மாத்திரை, பெண்களுக்கான மாத்திரை, கை விரித்து ஓடும் பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறாள். கூடாது என்று எங்கும் போடவில்லை. மறந்துபோகக் கூடாதென்று தினமும் காலையில் டாக்டர் கொடுத்த இரும்பையும் அக்கா செய்த ரோஸ் மாத்திரையையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள். மூன்று மாதம், ஒரு நாள் தவறவில்லை.

வட்டம் போட்ட தேதியில் ஒருவாரம் லீவு போட்டுவிட்டுத் தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏழு புள்ளி நாலு. இருந்ததும் குறைந்திருந்தது. சர்ஜன் அறுவைக்குக் குறித்து வைத்திருந்த தேதியை அடித்துவிட்டார். "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட மாட்டீங்க, அப்புறம் எங்கள வந்து கேப்பீங்க" என்று தங்கையைப் பிடித்துத் திட்டினார். வீட்டுக்கு வந்ததும் அக்காவும் திட்டினாள்.

"பொய் சொல்லாத. நீ சாப்பிடவே இல்ல."

தங்கை அழுதுகொண்டே அலமாரியைத் திறந்து, காலியான இரும்பு மாத்திரை அட்டைகளை அள்ளிக் கட்டில் மேல் போட்டாள். "எண்ணிப் பாரு. உன் மாத்திரையும் சேத்துதான் சாப்பிட்டேன். இன்னும் என்ன செய்யணும் நான்?" அட்டைகளோடு மூன்று ரோஸ் பெட்டிகளும் வந்து விழுந்தன.

மறுநாள் காலை ஒருவாரம் அதில் ஒரு பெட்டியோடு என் மேஜைக்கு வந்து நின்றாள். முந்தின நாள் நடந்ததை நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"அந்த வரி எங்க?"

"உள்ள தாள்ல போட்டோமேக்கா" என்றேன். பழக்கதோஷம்.

பெட்டியைக் கவிழ்த்து என் மேஜை மேல் உதறினாள். ஒன்றும் விழவில்லை.

"தாள் இல்லைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு மாசமா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு மச்சினனை இழுத்துவிட்டுத் தப்பித்திருப்பேன். "சொல்லியிருக்கலாம்ல" என்றாள், அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன்.

அங்கே மச்சினனும் இருந்தார். அவள் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தாள். ஒன்றில் இரும்பு மாத்திரையைப் பொடித்துக் கரைத்தாள். இன்னொன்றில் எங்கள் மாத்திரையின் ரோஸ் பூச்சைச் சுரண்டிவிட்டுக் கரைத்தாள். இரண்டாவதை முதலாவதில் ஊற்றினாள். ஊற்றிய இடத்திலேயே தண்ணீர் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்கப் பேனா மை.

"இதான் சார் என் தங்கச்சி வயித்துக்குள்ள மூணு மாசமா நடந்துருக்கு. அவளுக்கு பத்து வரணும். ஏழு புள்ளி நாலுல நிக்கிறா. குடோன்ல இருக்குற பெட்டி எல்லாத்துலயும் அந்த வரி வரணும்."

முதலாளி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஊதா வித்தைக்குப் பிறகு அவரை இவ்வளவு கவர்ந்தது இதுதான்.

"பாத்தீங்களா அத்தான்" என்றார் மச்சினன். "இரும்பையே பிடிச்சு அமுக்குதுன்னா நம்ம மாத்திரைக்கு எவ்ளோ சக்தி. இத விளம்பரத்துல காட்டலாம்."

"இரும்பையே அடக்கும் சக்தி. நல்லா இருக்கே. எழுதிக்கம்மா" என்றார் முதலாளி என்னிடம்.

என் கை நோட்டைத் திறந்துவிட்டது. ஒருவாரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"பெட்டிய மாத்துறது அடுத்த அச்சுல பாக்கலாம்மா. அவசரப்பட்டா எப்படி? நீங்களே எல்லாத்துக்கும் டைம் கேக்குற ஆளு" என்றார் முதலாளி, நயமாகத்தான்.

அவள் வாதாடவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் நின்று என்னிடம் ஒரே ஒரு வேலை கேட்டாள்.

"நான் எழுதுனா நாலு வரி ஆகும். சின்னதா ஆக்கிக் குடு. ரப்பர் ஸ்டாம்ப்ல அடங்கணும்."

அங்கேயே நின்றபடி சுருக்கினேன். இரும்பு மாத்திரையோடு சேர்க்காதீர்கள். மூன்றே சொல். பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பூவுக்குக் கீழே தாராளமாக இடம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு டீ குடிக்கும் நேரம்.

மதியத்துக்குள் கடைத்தெருவில் ஸ்டாம்ப் செய்து வாங்கி வந்தாள், ஆறு. குடோனில் தரையில் உட்கார்ந்து முத்திரை குத்த ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவர்களிலேயே பாதிப் பேர் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களாம். எதற்கு இந்த ஸ்டாம்ப் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள், அவளும் ஏதோ சொல்லியிருப்பாள். கேட்கும் தூரத்தில் போய் நிற்க எனக்குத் துணிவில்லை. வாசலில் நின்று, மை காய்ந்த பெட்டிகளை அடுக்கிக் கொடுத்தேன். நாலு நாள் ஆயிற்று. தங்கை அப்போது மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தாள்.

மச்சினன் ஆடித் தீர்த்தார். முதலாளி அவளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றாள். இன்னும் தரவில்லை. அதற்குள் கடைக்காரர்கள் ஸ்டாம்ப் வைத்த பெட்டியையே கேட்க ஆரம்பித்தார்கள். ஏதோ சொல்லி எச்சரிக்கிற மாத்திரை என்றால் உண்மையாகவே வேலை செய்யும் போல என்று வாங்குகிறவர்கள் நினைத்தார்களாம். அடுத்த அச்சில் அந்த மூன்று சொல்லும் பொன்னிறத்தில் வந்தன. பெண்கள் நலனில் தனக்குள்ள அக்கறையைப் பற்றி மச்சினன் ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினார். கைதட்டினார்கள். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்.

தங்கை ரோஸ் மாத்திரையை நிறுத்தினாள். இரும்பை மட்டும் விழுங்கினாள். முதலில் எட்டு புள்ளி மூன்று, பிறகு ஒன்பது. இதற்கிடையில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள், ஒரு முறை மாடிப்படியில். சின்னப் பிள்ளைதான் ஓடிவந்து பெரியம்மாவைக் கூப்பிட்டதாம். ஐந்தாவது மாதத்தில் பத்து புள்ளி இரண்டு வந்தது. அறுவை முடிந்தது. இன்னும் ஒன்றரை மாதம் கழித்து, மெலிந்த முகத்தோடு வேலைக்குத் திரும்பினாள்.

வந்த முதல் நாள் மதியம் சாப்பாட்டு அறையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நலம் விசாரித்தேன். நன்றாக இருக்கிறேன் என்றாள்.

"அக்கா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுச்சு மேடம்" என்றாள்.

என்றைக்காவது இது வரும் என்று தெரிந்ததுதான். மச்சினன், இயந்திரம், மடிக்கிற தாள் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன்.

"பெட்டியில போட வேண்டிய வரிய எழுதிக் குடுக்கவே அது மறந்துடுச்சாம். அந்த ஸ்டாம்ப் குத்துன அன்னிக்கு எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லிருக்கு. உப்பு டப்பாவுக்குத் தேதி ஒட்டுறவ, என் விஷயத்துல மறந்துட்டாளேன்னு எனக்கு ஆறவே இல்ல. ஒரு மாசம் அவகூட நான் பேசல. சாப்பாடு கொண்டாந்து வச்சா, வாங்கி வச்சுட்டு கதவச் சாத்திக்குவேன்."

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். எனக்கும் ஊற்றினாள்.

"எழுதிக் குடுத்திருந்தா உங்க கைக்கு வந்திருக்கும்ல மேடம். நீங்க விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றேன்.